கோதண்டம் மாமாவைப் பார்க்க அந்த ரோட்டில் போனேன்

கோதண்டம் மாமா போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் ஓசூரில் கம்பெனி ஸ்டோரில் இருந்தபோது அவர் மகள் அமுதா போன் செய்தாள். "மாமா, அப்பா தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நாளைக்கு பதினோரு மணிக்கு எடுக்கறோம். வருவீங்கல்ல?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எந்த ரோட்டில் போக வேண்டும் என்பது உறைத்தது.

இங்கே நிறைய பேருக்குத் தெரியாது... நான் ஒரு காலத்தில் பஸ் டிரைவர். கடலூர் – சிதம்பரம், தனியார் வண்டி. கோதண்டம் மாமா கண்டக்டர்.

சொந்தம் ஒன்றும் கிடையாது. நான் மாமா என்பேன், அவர் மச்சான் என்பார். ஆறு வருஷம் ஒரே வண்டி.

மத்தியான ட்ரிப்பில் எனக்குக் கண் சொருகும். என்ஜின் பானெட் மேல் வந்து உட்கார்ந்து சினிமாக் கதை சொல்வார். பாதிக் கதை அவரே கட்டியது. "கிளைமாக்ஸ் இப்புடி இல்லியே மாமா" என்றால், "நான் பாத்த தியேட்டர்ல இப்புடித்தான் ஓட்டுனான்" என்பார்.

அப்புறம் அந்த நாள்.

காலை நேரம். ஊர் பேரை எழுத இப்போதும் விரல் வரவில்லை. புல்லுக்கட்டோடு ஒரு டிவிஎஸ் பக்கத்து ரோட்டிலிருந்து மெயின் ரோட்டில் ஏறியது. முன்னால் போன வண்டியைப் பிடிக்க வேகமாகத்தான் வந்தேன், அதை மறைக்கவில்லை. பிரேக் அடித்தேன்... நிற்கவில்லை.

அந்த மனிதர் ரோட்டில் கிடந்தார். நான் ஸ்டீயரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். கட்டையோடு ஆட்கள் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது.

மாமாதான் கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எறங்கி ஓடு மச்சான். நேரா ஸ்டேஷனுக்குப் போயிடு. அடிபட்டவர நான் பாத்துக்கறேன். ஓடுறா!"

சவுக்குத் தோப்புக்குள் ஓடினேன். பின்னால் மாமாவின் அலறல் கேட்டது. நான் நிற்கவில்லை.

அன்றைக்கு அவருக்கு இடது காது போனது.

ஸ்டேஷனில் சரணடைந்தேன். கேஸ் நடந்தது, தண்டனையும் முடிந்தது. அடிபட்டவர் உயிர் பிழைத்தார், ஒரு காலோடு. வெளியே வந்த அன்றே மாவட்டத்தை விட்டுப் போனவன்தான். பன்னிரண்டு வருஷம். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

மாமா மட்டும் விடாமல் போன் செய்வார். "ஆனித் திருமஞ்சனத்துக்கு வாயேன் மச்சான், நம்ம ஊட்லயே தங்கிக்கலாம்."

"லீவு இல்ல மாமா."

"இரு, இந்தக் காதுல கேக்கல, மாத்திக்கறேன்... ஆங், சொல்லு."

ஒவ்வொரு வருஷமும் லீவு இல்லை. அந்தக் காதைப் பற்றி அவர் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

இன்று காலை கடலூரில் இறங்கியதும், வடலூர் வழியாகச் சுற்றிப் போய்விடலாமா என்று பார்த்தேன். நேரம் இல்லை. அதே ரோட்டில்தான் போயாக வேண்டும்.

அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். தோப்பு இல்லை, புளியமரம் இல்லை, பாதி ஊர்கள் பைபாஸுக்கு அந்தப்பக்கம் போய்விட்டன. அந்த இடம் எது என்றே தெரியவில்லை. இதுவா... இதுவா... என்று வழி முழுக்க வியர்த்தது.

வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரர், "என்னா சார், கால் மரத்துப்போச்சா?" என்றார்.

சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமா வீடு. ஐஸ் பெட்டிக்குள் மாமா. அமுதா என் கையைப் பிடித்து அழுதாள். மாலையைப் போட்டுவிட்டு வெளியே ஷாமியானாவில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். "எங்கேருந்து வர்றீங்க?"

"ஓசூர்."

"கோதண்டத்துக்கு என்னா வேணும்?"

"கூட வேல பாத்தேன்."

"பஸ்ஸுலியா?"

அப்போதுதான் கவனித்தேன். நாற்காலியில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. வேட்டிக்குக் கீழே ஒரு பாதம்தான்.

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சந்து பத்தடியில் இருந்தது. உடம்பு அசையவில்லை.

"ஆமா" என்றேன். "நான்தான் ஓட்டுனேன்."

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "என்னைய ஆஸ்பத்திரியில கொண்டாந்து சேத்ததே கோதண்டந்தான். காதுல ரத்தம் ஒழுவ ஒழுவ. அப்பறமும் மாசம் ஒருவாட்டி ஊட்டுக்கு வந்துருவாரு."

எனக்கு இது எதுவும் தெரியாது. மாமா போனில் சொன்னதே இல்லை.

"அவர அடிச்சது என் தம்பி" என்றார். "அதோ பாடை கட்டுறான் பாரு, அவந்தான். ரெண்டு வருஷம் கழிச்சி கோதண்டம் கால்ல உயுந்தான். ஆனா ஓடிப்போன டிரைவர் மேல அவனுக்கு இன்னும் கோவம் இருக்கு. நீ யாருன்னு இப்ப சொல்லிடாத."

தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்த அந்த ஆள் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தான்.

பறை அடிக்க ஆரம்பித்தார்கள். "கைய குடு, எழுந்திருக்கணும்" என்றார் பெரியவர்.

கொடுத்தேன். முழு எடையையும் என் மேல் போட்டு எழுந்தார். "ஏன் இப்புடி நடுங்குற?" என்றார்.

தெருமுனை வரை அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முன்னால் பாடை தூக்கிப்போன தம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். சுடுகாடு வரை போக எனக்குத் தைரியம் இல்லை... அதையும் எழுதிவிடுகிறேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். வெயில் சாய்கிறது. மூன்று கடலூர் வண்டி போய்விட்டது. இன்னும் ஏறவில்லை.

வர லேட்டாகிவிட்டது மாமா.

போய்ட்டு வாங்க.