பாலிசிக்காக எழுதிய நோட்டீஸ்

என் கணவர் வக்கீல். சேலம் கோர்ட்டில் வேலை, ஏற்காட்டில் வீடு. அவருக்கு இருந்தது ஒரே சிநேகிதர். மிஷன் பள்ளியில் கூடப் படித்தவர், நாகலூர் எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டூரிஸ்டுகளுக்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று இருவரும் பாதிப் பாதிப் பங்கில் கிளம்பினார்கள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் என் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

சிநேகிதர் தன் வீட்டை பேங்கில் அடமானம் வைத்துப் பணம் போட்டார். நிலத்தின் பத்திரங்களைப் பார்த்தது என் கணவர். "சுத்தமான எடம் மாப்ள, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். பீஸ் வாங்கவில்லை, சிநேகிதனிடம் வாங்குவாரா? சுவர் எழும்பிய பிறகு, நிலத்தை விற்றவரின் தங்கை தனக்கும் பங்கு உண்டு என்று கோர்ட்டுக்குப் போனாள். பத்திரத்தில் அவள் கையெழுத்தே இல்லை. ஊருக்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் கேட்கிற மனுஷன் தன் காரியத்தில் கோட்டை விட்டுவிட்டார். கட்டட வேலை நின்றது, பேங்க் தவணை மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பாலிசி நினைவு வந்தது. வக்கீல் தொழிலில் தவறு நேர்ந்து கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தால் கம்பெனி ஈடு கட்டும். வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டி வந்திருந்தார். ஆனால் முதலில் கட்சிக்காரர் வக்கீல் மேல் புகார் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்த சிநேகிதரை எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, தன் மேல் வர வேண்டிய நோட்டீஸை என் கணவரே எழுதினார். பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார், என் நம்பிக்கையை அலட்சியம் செய்தார் என்றெல்லாம் வரிக்கு வரி தன்னைத்தானே திட்டியிருந்தார்.

"உம்மேல நானா நோட்டீஸ் உடறது? ஊடு போனாப் போகுது, உடு மாப்ள."

"அந்த ஊட்டுக்காகத்தான் சொல்றேன். கையெழுத்தப் போடு."

அழுதுகொண்டே போட்டார். காப்பி கொண்டுவந்த எனக்கும் அழுகை வந்தது.

கம்பெனியிலிருந்து வந்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"ஏனுங்க சார், இந்தத் தொழில்ல உங்களுக்கும் பங்கு இருக்குதுங்களா?"

"பாதி."

"அப்பிடின்னா வராதுங்க. வேற ஒருத்தருக்குப் பத்திரம் பாத்துக் குடுத்துத் தப்பாயிருந்தா குடுப்போம். வக்கீலே பங்கு வெச்சிருக்கற யாவாரத்துல வர்ற நஷ்டத்துக்குப் பாலிசி கெடையாதுங்க."

பீஸ் வாங்கிக்கொண்டு அந்நியராக நின்றிருந்தால் அந்த வீடு தப்பியிருக்கும். கூடச் சேர்ந்து நின்றதால் போயிற்று. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வீடு ஏலத்துக்குப் போனது. சிநேகிதரும் மனைவியும் அடிவாரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. போன் செய்தாலும் எடுப்பதில்லை.

"கையெழுத்துப் போட்டதுக்கு வெக்கப்படறான். எழுதுனது நான்தானே? நீ ஒரு தடவ போய்ச் சொல்லிட்டு வா" என்று என் கணவர் தினமும் நச்சரித்தார். அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பஸ் பிடித்துப் போனேன். சிநேகிதரின் மனைவி ஏதோ வேலைக்குப் போயிருந்தார். சிநேகிதர்தான் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"அந்த நோட்டீஸ மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. பாலிசிக்காக எழுதுனதுதானுங்களே. அவரு தப்பாவே நெனைக்கலீங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வெக்கமெல்லாம் இல்லீங்க அம்மணி. போடறப்பப் பொய்யின்னு நெனச்சுத்தான் போட்டேன். இங்க வந்து நொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். அதுல ஒரு வரிகூடப் பொய்யில்லீங்க."

நான் திரும்பி வந்தபோது என் கணவர் பஸ் ஸ்டாண்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னான் என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதானுங்க. வெக்கப்படறாரு" என்றேன்.