மஞ்சள் பூசிய அரை மணி

மண்டி மொஹல்லா சந்தில் இன்று ஏற்றாத ஊதுபத்தியின் ஈர வாசனை வந்தது. உடனே நான் பத்தாம் வகுப்புக்குப் போய், அந்த மாடிக் கூடத்து ஜமக்காளத்தில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

கீழே ஊதுபத்திக் கிடங்கு, மேலே எங்கள் டியூஷன். இரண்டும் போய், இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் சனிக்கிழமை மதியம் மட்டும் டியூஷனில் பாடம் கிடையாது. எப்படிப் படிப்பது, பரீட்சைப் பயத்தை எப்படி இறக்கிவைப்பது என்று மிஸ் சொல்லித்தருவார். மின்விசிறி முனக, "மெல்லகே, மெல்லகே" என்று அவர் கன்னடத்தில் இழுத்துச் சொல்ல, மூச்சை மெதுவாக விட்டுவிட்டு நாங்கள் அரை மணி நேரம் எங்கேயோ மிதந்துபோவோம். தூங்க மட்டும் கூடாது. பக்கத்தில் படுக்கும் செல்வி ஐந்தாவது மூச்சிலேயே குறட்டை விடுவாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நான் அவளைக் கிள்ளி எழுப்புவேன்.

ஒரு சனிக்கிழமை மிஸ் எங்களை வட்டம் வரையச் சொன்னார். அன்றைய இருபத்துநாலு மணி நேரத்தையும் அதில் பிரித்து, தூக்கத்துக்கு நீலமும் ஓய்வுக்கு மஞ்சளும் பூச வேண்டும். என் வட்டத்தில் மஞ்சள் தாராளம். செல்வியின் வட்டத்தில் அரைநாள் பள்ளிக்கு முன்னும் பின்னும் வீட்டில் பத்தி உருட்டும் வேலைதான். நடுவே மஞ்சளாக ஒரே ஒரு கீற்று.

"என்னடி, இவ்வளவுதானா?"

"இங்க வந்து படுக்கிறோமில்ல, அதுதான். வேற எப்பவும் கை சும்மா இருக்காது."

அடுத்த சனிக்கிழமை அவள் குறட்டை தொடங்கியதும், அது மிஸ் காதில் விழாதபடி அரை மணி நேரமும் நான் இருமிக்கொண்டே இருந்தேன்.