சுவரில் எழுதிய பெயர்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஊரில் ஒருத்தி கலை வந்து, சாமி ஏறி ஆடினாலும், சாப்பிட்டவளா, இரத்த அழுத்தம் பார்த்தார்களா என்றுதான் கேட்பேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கணவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "உமக்கும் காய்ச்சல் பிடிச்சிருக்கும்" என்றார். பிடித்திருக்கலாம். அதையும் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். ஆனால் என்னுடைய காய்ச்சல் கடல் தாண்டி இன்னொரு பிள்ளையின் காதில் எப்படிக் கேட்டது என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆவணி நடு. பலெர்மோவில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் நாலாம் மாடி அறையொன்றில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் பெர்மெஸ்ஸோ கிடைக்கவில்லை. அந்த அனுமதிப் பத்திரம் இல்லாதவர்கள் எங்கே பெயர் கொடுத்தாலும் அது கடைசியில் பொலிசுக்குப் போகும் என்று எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் நான் நம்பினேன், அந்தப் பயத்தோடுதான் படுத்து எழும்பினேன்.

மகன் அருணுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்றைக்கு மாதாவின் திருநாள், ஊரே கடலுக்குப் போய்விட்டது. கணவர் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போயிருந்தார், அன்றைக்கு வராவிட்டால் வேலை போகும் என்று முதலாளி சொல்லியிருந்தான். கீழ் மாடியில் இருந்த மன்னார் எஸ்தர் அக்கா காலையில் பூசைக்குப் போகுமுன் எட்டிப் பார்த்தா.

"பிள்ளை கொதிக்குதடி. ஒஸ்பிடலுக்குக் கொண்டு போவன்."

"பேர் கேப்பினம் அக்கா."

"கேட்டா ஏதாவது ஒரு பேரைச் சொல்லு. அவங்களுக்கு எங்கடை பேர் வாயிலை நுழையவே போகுது? நான் பின்னேரம் வந்திடுவன்."

காய்ச்சல் பாணி கொடுத்தேன், ஈரத்துணி போட்டேன், போகவா விடவா என்று நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும், பிள்ளையின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. நான் அவனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கினேன்.

ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. "ஆயுத்தோ, ஆயுத்தோ" என்று உதவி கேட்டுக் கத்தினேன். அப்போதுதான் மூலையில் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தலைமயிர் முழுக்க வெள்ளைத் தூசி, மா அரைக்கிற இடத்திலிருந்து வந்தவள் மாதிரி. ஒரு காலில் மட்டும் செருப்பு. பிள்ளையைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ரிக்கோவெரோ! அமுனி, ரிக்கோவெரோ!"

அமுனி என்றால் வா, போவோம். ரிக்கோவெரோ என்ற சொல்லும் எனக்குத் தெரியும். எஸ்தர் அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது வார்டில் சேர்த்த துண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், ஆஸ்பத்திரியில் அனுமதிப்பது. கடவுளே, இவள் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

சுவர்களில் வெள்ளை நிறத்தில் ஆர் என்ற எழுத்தும் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தன. தினமும் மரக்கறி வாங்கப் போகிற அதே வழிதான், ஒருநாளும் அவற்றைக் கண்டதில்லை. பயத்தில் என்ன நினைவு வரும் என்று ஒரு கணக்கில்லை பாருங்கள், எனக்குச் சாதாரண தரச் சரித்திரப் பாடம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் போன வழிகளை உலகப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுக. பர்மாவுக்கு ஒன்று, நோர்மண்டிக்கு ஒன்று, வட ஆபிரிக்காவிலிருந்து சிசிலிக்கு ஒன்று. சிசிலிக்கு நான் போட்ட அம்பு தடித்துப்போய்த் தீவே மறைந்துவிட்டது என்று டீச்சர் ஒரு புள்ளி குறைத்தவ.

ஒரு வளைவுக்குள் படி இறங்கியது. கீழே நல்ல குளிர்ச்சி. இந்த ஊரில் பழைய மடங்களில்தானே ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள், இதுவும் அப்படி ஒரு நிலவறை என்று நினைத்தேன். சுவரோரம் வாங்குகளில் முப்பது நாற்பது பேர், மடியில் பிள்ளைகளோடு, மூட்டைகளோடு. ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. ஒரு கிழவர் நகர்ந்து இடம் விட்டார். இன்னொருத்தி வாளித் தண்ணீரில் துணியை நனைத்து அருணின் கமக்கட்டிலும் தொடையிடுக்கிலும் வைத்தாள். வெட்டு நின்றது. மூச்சு இருந்தது. வைத்தியர் எங்கே என்று கேட்டேன், அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

தூசித் தலைக்காரி கையில் பென்சிலோடு வந்தாள். சுவர் முழுக்கப் பெயர்கள்.

"நோமே?"

பெயர் கேட்டாள். பதிகிறார்கள் என்று நினைத்தேன். அன்று காலையில் படித்த அக்காவின் கடிதம் மனதில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் ஒரே அக்கா. அடியில் அவளுடைய மகன் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தான், சித்தி நான் இரண்டாம் வகுப்பு, இப்படிக்கு குகன் என்று. அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

"குகன்."

"குகானூ," என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே எழுதினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நுட்டு கியு?"

வேறு ஒருவரும் இல்லையா என்று கேட்கிறாள். சிசிலிக்காரரின் 'ட' எங்கள் 'ட' மாதிரியே இருக்கும், அதனால் எனக்கு அது தெளிவாகவே விளங்கியது. கணவரையும் பதியப் போகிறாள், இரண்டு பேரையும் பிடித்து அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"நெஸ்ஸூனோ," என்றேன். ஒருவரும் இல்லை.

அவள் நகரவில்லை. மறுபடி கேட்டாள், இந்த முறை கெஞ்சுகிற மாதிரி. நான் மறுபடியும் இல்லை என்றேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. விமானம். ஒன்றல்ல, பல. நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. இங்கே ஏன் பங்கர், பலெர்மோவுக்கு மேலே ஏன் பொம்மர் என்று ஒரு கேள்வி வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வரைக்கும் பங்கருக்குள் இருந்து எழும்பி வந்தவள் நான். பொம்மர் சத்தம் கேட்டால் மூளை யோசிக்காது, உடம்புதான் வேலை செய்யும். பிள்ளையைக் கீழே போட்டு மேலே கவிழ்ந்தேன், அவன் காதைப் பொத்தினேன், வாய் திறந்திருந்தால் காது கிழியாது என்று என் சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்தேன். பக்கத்தில் கிழவரும் போத்தல் தக்கையொன்றைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சரியாகச் செய்கிறாய் என்கிற மாதிரி. நிலம் ஆடியது. வாயெல்லாம் மண்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அமைதியான பிறகு அவள் சுவரைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் குரல் கொடுத்தார்கள், அவள் கோடு இழுத்தாள். கடைசியில், "குகானூ!"

நான் பேசாமல் இருந்தேன். பொய்ப் பெயர் பிடிபட்டுவிடும் என்று பயம். "குகானூ!" இரண்டாம் தரம். மூன்றாம் தரம் அவள் எங்களைப் பார்க்கவே இல்லை, படிப் பக்கம் திரும்பி, வெளியில் தூரத்தில் நிற்கிற ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி அடித்தொண்டையால் கூப்பிட்டாள். கொஞ்சம் காது கொடுத்தாள். பிறகு பதில் கேட்டவள் போல முகம் தெளிந்து, பெயருக்குக் கீழே கோடு இழுத்தாள்.

அருண் வீரிட்டு அழுதான். தொப்பலாக வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது. நான் அவனை அள்ளிக்கொண்டு படியேறி ஓடினேன். வெளியே அதே வெயில், அதே சாத்திய யன்னல்கள், எங்கேயோ ஒரு ரேடியோ பாடியது.

பின்னேரம் எஸ்தர் அக்காவோடு உண்மையான ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயரும் கேட்டார்கள், நான் மகனின் சரியான பெயரையே சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் கூடினால் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், இப்போது பயமில்லை என்றார் வைத்தியர். திரும்பும் வழியில் அந்த வளைவைத் தேடினோம். வளைவு இருந்தது, ஆனால் உள்ளே கல் வைத்துக் கட்டி அடைத்திருந்தார்கள். அம்புக்குறி ஒன்றையும் காணவில்லை.

கடலுக்குப் போயிருந்த வீட்டுக்காரக் கிழவி சிஞ்ஞோரா நுன்சியா அடுத்தநாள் திரும்பினா. கேட்டேன். அவ சொன்னா, அது போர்க்காலத்து ரிக்கோவெரோ, குண்டுக்கு ஒளிகிற இடம், போர் முடிந்ததும் அடைத்துவிட்டார்கள் என்று. அப்போது அவவுக்கு ஒன்பது வயதாம். ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்கனும் இங்கிலீசுக்காரனும் வந்து துறைமுகத்துக்கு என்று போட்ட குண்டு இந்த ஒழுங்கைகளிலும் விழுந்ததாம். "முதல்ல எங்களைக் கொன்றாங்கள், பிறகு டாங்கியிலை வந்து சொக்லேட் தந்தாங்கள், நாங்களும் கை தட்டினம்," என்று சிரித்தா.

"சுவரிலை ஏன் பேர் எழுதினனீங்கள்?" என்று கேட்டேன்.

"மேலை இடிஞ்சு விழுந்தா, தோண்டுறவங்களுக்கு ஆரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது எண்டு தெரிய வேணுமே, மகளே."

ஐந்து கிழமை கழித்து அக்காவின் கணவர், அத்தானின் கடிதம் வந்தது. அக்கா போய்விட்டாள். அதே நாள், பின்னேரம் ஐந்தரை மணி. இங்கே இரண்டு மணி என்றால் அங்கே ஐந்தரை. பொம்மர் வந்ததும் அக்காவும் குகனும் பங்கருக்குள் போயிருக்கிறார்கள். உள்ளே இருந்தவன் திடீரென்று எழும்பினானாம். "அம்மா, ஆரோ என்னைக் கூப்பிடினம், பேரைப் பிழையாச் சொல்லிக் கூப்பிடினம்" என்றானாம். அக்கா சட்டையைப் பிடித்திருக்கிறாள், அவன் உதறிக்கொண்டு "ஓம், வாறன்" என்று கத்தியபடி வெளியே ஓடியிருக்கிறான். கிணற்றடி வரைக்கும் போயிருப்பான். குண்டு பங்கரில் விழுந்தது.

குகன் இப்போது எங்களோடு இருக்கிறான். அத்தான் கொழும்புக்குக் கொண்டுவந்து அனுப்பிவைத்தார். பதின்மூன்று வயது, அருணோடு சண்டை பிடிக்கும்போது இத்தாலியன் பாஷைதான். இந்தக் கதையை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தெரியாமல் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை பல்லரோவில் மீன் வாங்கினோம். மீன்காரர் மிச்சச் சில்லறையை நீட்டி, "குகானூ!" என்று கூப்பிட்டார். பையன் அப்படியே நின்றுவிட்டான். வானத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"சித்தி, அண்டைக்கும் இப்பிடித்தான் கூப்பிட்டவை. ஒரு பொம்பிளைக் குரல்."

மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினேன். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு அவன் கேட்டான்.

"அவை ஏன் சித்தி அம்மாவைக் கூப்பிடேல்லை?"