இரண்டு சீட் வண்டியும் பதினேழு கீறல்களும்

தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிக்குள் நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று பாம்பேயில் எங்கள் செம்பூர் குடியிருப்பில் வெகுகாலமாக ஒரு சந்தேகம் உண்டு. ஒளித்து வைக்கிற அளவுக்கு என்னிடம் ஏதாவது இருந்திருந்தால் வண்டியை எப்போதோ சரிசெய்திருப்பேன்.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக் கூரை. உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் சக்கரம் கண்ணுக்கு நேராகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கினேன். அப்போது எனக்குத் தலைமுடி இருந்தது. அது காற்றில் பறப்பதற்கு ஒரு வாகனம் தேவைப்பட்டது. மூன்று வருடம் ஓட்டினேன். பிறகு மகள் பிறந்தாள். இரண்டு சீட் வண்டியில் மூன்றாவது ஆளை எங்கே வைப்பது என்று யோசித்து முடிக்கும்வரை நிற்கட்டும் என்று ஓரமாக நிறுத்தினேன். மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

இந்த இருபத்தொரு வருடமும் யார் கேட்டாலும் "அடுத்த மாசம் ரோட்டுல பாக்கலாம்" என்று சொல்லிவந்தேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அதை நம்பினேன் என்பதுதான் கேவலம்.

போன வருடம் எங்கள் கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. செம்பூரில் இப்போது இடிக்காத கட்டிடம் என்றால் அது கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடம். சொசைட்டி செக்ரடரி, இரண்டாம் மாடிக்காரர், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். புதிய கட்டிடத்தில் வண்டி நிறுத்தும் இடம், ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கணக்கெடுப்பு. தன் சொந்த எஞ்சினில் கேட்டுக்குள் நுழையாத வாகனம் பழைய இரும்பாகக் கருதப்பட்டு இடிபாடுகளோடு அப்புறப்படுத்தப்படும்.

படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"உங்களுக்காக எழுதினதுன்னு நினைச்சுக்கப்படாது" என்றார் செக்ரடரி.

"கட்டிடத்துல ஓடாத வண்டி வேற யார்கிட்ட இருக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கணக்கெடுத்தாத்தானே தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். பார்க்கிங் இடத்துக்காகத் திடீர்னு இதை ரிப்பேர் பண்றேன்னு கிளம்பிடாதீங்கோ. கமிட்டியில எல்லாருக்கும் சந்தேகம் இருக்கு."

அதுவரை ரிப்பேர் செய்யும் எண்ணமே எனக்கு இல்லை. அந்த நிமிடத்தில்தான் வந்தது.

மாடுங்காவில் பிறந்து வளர்ந்த என் மனைவி எதையும் ஒப்பந்தமாகத்தான் பேசுவாள். "அந்த ஞாயித்துக்கிழமை வண்டி தானா உள்ள வந்துடுத்துன்னா நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா இரும்புக் கடைக்காரனுக்கு நானே போன் பண்ணுவேன். நீங்க குறுக்க வரக்கூடாது." சரி என்றேன். இருபத்தொரு வருடப் பேச்சுக்கு ஐந்து வாரக் கெடு.

வண்டியை டெம்போவில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டுபோனேன். அலுவலக நண்பர் ஒருவர் சொன்ன பட்டறை அது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், என் வயதுக்காரர். எல்லோரையும் போல நானும் பாய் என்றே கூப்பிட்டேன். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னையும் அதே மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டி உங்க வண்டிதானா சார்?"

"ஆமாம். ஏன்?"

"இல்ல, ஒரிஜினல் சாமான் அத்தனையும் அப்படியே கெடக்கு. பாம்பேல இப்படி ஒரு வண்டி கழட்டாம நின்னுச்சுன்னா நம்ப முடியல. அதான் கேக்கேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. பழைய வண்டி வைத்திருப்பவர்களின் கைபேசிக் குழு ஒன்றில் நான் உறுப்பினன். ஓடும் வண்டி இல்லாமலே அதில் இருக்கும் ஒரே ஆள். அந்தக் குழுவில் பாதி நாள் பேச்சு ஒன்றுதான்: பட்டறையில் விட்டால் ஒரிஜினலை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிடுவார்கள். பாய் ஒரிஜினல் என்றபோது அவர் கண் எந்தப் பக்கம் போனது என்று அன்றிரவு படுக்கையில் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் பக்கம் போன மாதிரிதான் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சமாசாரம் அது. என் வண்டியில் அது ஜோடியாக இருக்கிறது. குழுவில் அதற்காக ஏங்கும் ஆட்கள் உண்டு.

மிச்சமிருந்த லீவை எல்லாம் போட்டுவிட்டுப் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தேன். கையில் ஒரு தடிப் புத்தகம். பக்கம் திருப்ப மறந்துவிடுவேன்.

"சார் மூணு நாளா நாப்பதாம் பக்கத்துலயே இருக்கீய" என்றார் பாய், எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல். "கத அவ்வளவு நல்லாயிருக்கோ?"

அவர் வேலை செய்யும் விதம் என் சந்தேகத்துக்கு உதவியாக இல்லை. கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய போர்வை ஒன்றில் கழற்றிய வரிசைப்படியே பரப்பிவைத்தார். முதலில் கழற்றியது இடக்கோடி, கடைசியில் கழற்றியது வலக்கோடி. மாட்டும்போது வலமிருந்து இடம் வந்தால் போதுமாம். எதுவும் காணாமல் போனால் போர்வையில் அந்த இடம் காலியாகத் தெரியும். இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஆளிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்றிற்று. காலியாக விட்டால்தானே தெரியும், டூப்ளிகேட்டை வைத்துவிட்டால்?

வெள்ளிக்கிழமை மதியம் அவர் கைகால் கழுவிக்கொண்டு தொப்பியைப் போட்டார். "ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன். நீங்கதான் காவலுக்கு இருக்கீயளே, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறையில் நானும் போர்வையும்தான்.

வீட்டில் மகளின் பழைய ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து எடுத்துவந்த காம்பஸ் என் பையில் இருந்தது. நாளைக்கு இது என்னுடையது என்று நிரூபிக்க ஒரு அடையாளம் வேண்டும். வெளியே போட்டால் பார்த்துவிடுவார். மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத இடமாக, இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் முகத்தில் போடவேண்டும். என்ன போடுவது என்று யோசிக்கவே இல்லை. பரீட்சைத் தாளிலிருந்து பால் கணக்குவரை எதை எழுதினாலும் கை தானாகப் போடுவதைத்தான் இப்போதும் போட்டது. பிள்ளையார் சுழி. பதினேழு பாகங்களில் பதினேழு சுழி. அலுமினியம் மிருதுவானது, காம்பஸ் முனை சுகமாக இறங்கிற்று. கார்ப்பரேட்டர்களில் கொஞ்சம் அழுத்தியே போட்டு, சுழியின் வாலை விளிம்புவரை இழுத்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

பாய் திரும்பிவந்து போர்வையை ஒரு பார்வை பார்த்தார். நான் நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து எஞ்சின் கிளம்பியது. இருபத்தொரு வருடம் கழித்து அந்தச் சத்தம். கண் கலங்கியது, புகையும் ஒரு காரணம். ஆனால் கிளம்பிய எஞ்சின் நிதானமாக நிற்கவில்லை. தானாக ஏறும், இறங்கும், இருமும், அணைந்துவிடும்.

"சிலோ நிக்க மாட்டேங்கு" என்றார் பாய். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைகிற வண்டி தாராவியைத் தாண்டாது என்பது எனக்கும் புரிந்தது.

நான்கு நாள் பார்த்தார். பிளக் மாற்றினார், டைமிங் வைத்தார், பெட்ரோல் குழாயை ஊதினார். கணக்கெடுப்புக்கு மூன்று நாள்தான் பாக்கி. எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கார்ப்பரேட்டர் மாறிவிட்டது. ஒரிஜினல் இப்படி இருமாது.

"பாய், கார்ப்பரேட்டரக் கழட்டிப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. உள்பக்கம் பாக்கணும்."

"உள்பக்கத்துல என்னத்தப் பாக்கப் போறீய?"

 அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் மெல்ல அடித்துக்கொண்டே வந்தார். கார்ப்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் அடித்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. மறுபடி அடித்தார். மறுபடி மாறியது.

"இங்கதான் ஏர் இழுக்கு" என்றார். "புது பேக்கிங் போட்டிருக்கேன். எப்படி இழுக்கும்?"

கழற்றினார். முகத்தைத் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நான் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

"சார், இந்த வண்டி எந்த ஊர்ல செஞ்சதுன்னீய?"

"இங்கிலாந்து."

"வெள்ளக்காரன் பிள்ளையார் சுழி போட்டா கார்ப்பரேட்டர் செஞ்சான்?"

பக்கத்தைத் திருப்பினேன்.

"தொட்டுப் பாருங்க. வாலு விளிம்பு வரைக்கும் போகுது. அந்த வால் வழியாத்தான் காத்து உள்ள போகுது." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். போர்வை, அதன் மேல் இதே கார்ப்பரேட்டர், முகம் கண்ணாடி மாதிரி சுத்தமாக. "இது நீங்க காவலுக்கு இருந்த ஜும்மாவுக்கு மொத நாள், வியாழக்கெழம எடுத்தது. சாமான் கழட்டுன அன்னைக்கே ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எதுக்கு தெரியுமா? ஸ்டூலப் போட்டு உக்காருத கஸ்டமர் எல்லாரும் கடைசில, பொருள மாத்திட்டேன்னுதான் சொல்லுவாக. அன்னைக்கே நெனச்சேன், நீங்களும் சொல்லுவீயன்னு."

"நான் சொல்லலையே" என்றேன்.

"சொல்லல. எழுதிட்டீய."

கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாங்களும்தான் எதை எழுதினாலும் மேல எழுநூத்தி எம்பத்தாறு போடுவோம்" என்றார் பாய். "ஆனா பேப்பர்லதான் போடுவோம். எத்தன எடத்துல போட்டிருக்கீய?"

"பதினேழு."

அவர் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காதிலிருந்த பென்சிலோடு நீட்டினார். "எது எதுலன்னு எழுதுங்க. ஒண்ணு விடாம."

வாங்கி எழுத ஆரம்பித்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீயளா" என்றார். தாளின் உச்சியில், பட்டியல் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு சுழி.

பதினேழில் பதினொன்று தீங்கில்லாத இடங்கள். ஆறைக் கழற்றவேண்டியிருந்தது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாளை ஒட்டி, கார்ப்பரேட்டர் முகத்தை அதில் எட்டு வடிவத்தில் தேய்த்தால் சமமாகிவிடும் என்றார். அதை என் கையில் கொடுத்தார். "நீங்க போட்டத நீங்களே அழிங்க." இரண்டு நாள் தேய்த்தேன். தோளில் இன்றும் வலிக்கிறது. தேய்த்து முடித்த ஒவ்வொன்றையும் அவர் விரலால் தடவிப் பார்த்தார். நான் சரியாகத் தேய்த்திருப்பேன் என்று அவர் நம்பவில்லை. நியாயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சின் நின்ற இடத்தில் நிதானமாக ஓடியது. பாய் தண்ணீர் நிரம்பிய டம்ளர் ஒன்றை அதன் மேல் வைத்தார். தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரே ஓட்டினார். இருபத்தொரு வருடமாக கியர் போடாத ஆளிடம் ஸ்டியரிங்கைத் தர முடியாது என்றார். சயன் சிக்னலில் வண்டி அணையும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அணையவில்லை. அடுத்த சிக்னலில் அணையும் என்று தெரிந்தது. பேருந்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துப் படமெடுத்தார்கள். நான் வெப்பமானி முள்ளைத்தான் பார்த்தேன். முள் அசையவில்லை. வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். "தட்டாதீய" என்றார் பாய்.

எங்கள் கேட்டுக்கு முந்திய திருப்பத்தில் நிறுத்தி அவர் இறங்கினார். "உள்ள நீங்க ஓட்டுங்க. இல்லன்னா வண்டி என்னோடதும்பாங்க."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தேன். இரண்டாவது கியரிலேயே. அடுத்த கியர் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகம். செக்ரடரி பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுற்றி கமிட்டி. மாடியில் என் மனைவி, கையில் போனுடன்.

"யாராவது பின்னாடி தள்ளினாளா?" என்றார் செக்ரடரி. எழுந்துபோய்க் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். தெருவில் பாய் மட்டும் கைகட்டி நின்றிருந்தார். "அவர் யாரு?"

"மெக்கானிக். தள்ளல, ஓட்டிண்டு வந்தார்."

"ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ."

அணைத்தேன். இந்த வண்டியோடு நான் கழித்த காலத்தில் மிக நீளமான நிமிடம் அது. சாவியைத் திருப்பினேன். ஒரு முறை முனகியது. மறுபடி திருப்பினேன். பிடித்துக்கொண்டது. மாடியில் மனைவி போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

செக்ரடரி பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எஞ்சின் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தார். கடைசி இரண்டு இலக்கத்தைத் திரும்பப் படித்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சோதனைக்காகத்தான். கோயில் முனை வரைக்கும் போங்கோ."

போனேன்.  முனையில் திரும்பும்போது அவர் அட்டையை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டார். காற்று அவர் முடியைக் கலைத்தது. அவருக்கு எழுபது வயதிலும் முடி இருக்கிறது என்பதைக் கவனித்தேன். திரும்பி வந்து நின்றதும் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வண்டியை இப்படியும் அப்படியும் அளப்பதுபோல் பார்த்தார். "ரெண்டு பேர் வண்டிதானே" என்றார். "முழு இடம் எதுக்கு?"

அட்டையில் 'ஓடுகிறது' என்று எழுதி, பக்கத்தில் 'சிறியது' என்றும் சேர்த்து என்னிடம் நீட்டினார். முழுவதையும் இரண்டு முறை படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன், காலிதான். கையெழுத்துப் போட்டேன். தெருவில் பாய் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கூப்பிட்டு, மேலே வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னேன்.

"வாரேன்" என்றார். "மொதல்ல சாவிய எடுங்க. ஓடுத வண்டிய இப்படியா விட்டுட்டு வருவாக?"