கிணற்று முறையும் கரண்டு மீட்டரும்

விவசாயத்துக்குக் கொடுத்துவந்த இலவச மின்சாரத்தை நிறுத்தப்போகிறோம், பம்புசெட்டுக்கெல்லாம் மீட்டர் வைக்கப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது நான் கள்ளக்குறிச்சியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியைக்கு ஒரே உற்சாகம். விலை இல்லாத எதையும் மனிதர்கள் வீணாக்குவார்கள், விலை வைத்தால்தான் தண்ணீர் மிச்சமாகும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பொருளாதாரத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பாடமும் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். தாத்தா இரண்டு மகன்களுக்கும் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார், கிணற்றைப் பிரிக்க முடியாதே. அது பொதுவில் இருந்தது. கரண்டு கனெக்‌ஷன் மூத்தவர் என்பதால் பெரியப்பா பேரில். அண்ணன் தம்பி இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் சொத்து இல்லை, கட்சி. ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில் பெரியப்பா நிறுத்திய ஆள் தோற்றுப்போக, ஜெயித்த கூட்டம் அவர் வீட்டு வாசலில் சரவெடி கொளுத்தியது. அந்தக் கூட்டத்தில் அப்பாவும் நின்றார். வெடிக்கு நெருப்பு வைத்தது அப்பா இல்லை. ஆனால் சிரித்தார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

அம்மாவும் பெரியம்மாவும் இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணம் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது.

பேசாமலே கிணற்றைப் பங்குபோட ஒரு வழி இருந்தது. மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்கு இரண்டு மடை. ஒன்று எங்கள் நிலத்துக்கு, ஒன்று பெரியப்பா நிலத்துக்கு. முறைக்காரர் பாய்ச்சி முடித்ததும் தன் மடையைச் சேறு வைத்து அடைத்துவிட்டு, அடுத்தவர் மடையைத் திறந்துவிட்டுப் போவார். எந்த மடை திறந்திருக்கிறதோ அவர் முறை. பாய்ச்சாமல் தன் மடையை அடைத்தால் கிணற்றில் பாத்தியதையை விட்டுக்கொடுத்த மாதிரி. அடுத்தவன் மடையை அடைத்தாலோ, அது கையை வெட்டின மாதிரி. பங்காளிகள் எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் இந்த ஒழுங்கை மட்டும் யாரும் மீறுவதில்லை.

மீட்டர் அறிவிப்பு பெரியப்பாவின் கட்சி ஆட்சியில் வந்தது. அதனால் டீக்கடையில் அதற்குப் பரிந்து பேசுகிற வேலை அவர் தலையில் விழுந்தது. காசு கட்டினால்தான் கரண்டு ஏன் வரவில்லை என்று கேட்க முடியும், ஓசியில் வாங்குகிறவனுக்கு வாயேது என்று ஒற்றை ஆளாக நின்று வாதாடினார். அப்பா எதிர்க்கட்சியோடு கரண்டு ஆபீஸ் முன்னால் போய்க் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தார். அம்மா மிளகு தட்டிப் பால் காய்ச்சிக் கொடுத்தார். மறுவாரமே லைன்மேன்கள் வந்தார்கள். ஊரில் பல பேர் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு ஓட, பெரியப்பா மட்டும் கூடவே நின்று எங்கள் மோட்டார் கொட்டகையில் மீட்டரை மாட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்பா மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டார்.

பில் பெரியப்பா பேரில் வரும். பாதி கொடுக்கிறேன் என்று சொல்லவாவது போய்ப் பேச வேண்டும். முதலில் வாய் திறக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. பேசாமல் பாய்ச்சினால் அண்ணன் காசில் பயிர் வைத்தவன் ஆகிவிடுவார். அதற்கும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் மடை திறந்தே கிடந்தது. அண்ணனுக்குத் தேவையென்றால், தைரியமிருந்தால் என் மடையை அடைத்துவிட்டுப் பாய்ச்சிக்கொள்ளட்டுமே என்று அப்பா வீம்பாக நினைத்தார். பெரியப்பாவோ தம்பி முறையில் கை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கல்வராயன் மலைப்பக்கம் அந்த வருஷம் நல்ல மழை. கிணற்றில் கைக்கு எட்டுகிற தண்ணீர். கம்பியில் கரண்டு. இரண்டு பேர் நெல்லும் காய்ந்துகொண்டிருந்தது. வகுப்பில் சொன்னபடி தண்ணீர் மிச்சமாகிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் அழுகை வந்தது.

நெல் பொதி கட்டுகிற, தண்டுக்குள் கதிர் திரளுகிற நேரம் அது. அப்போது தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் பதராகிவிடும். அந்த நெல்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. வயல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அப்பா காலையில் போய் வரப்பில் நின்று பார்ப்பார், திரும்பி வந்து கஞ்சியைப் பாதியில் வைத்துவிடுவார். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பயிரு பொதி கட்டிக்கினு நிக்குதுங்க. உங்க ரோஷத்துக்கு அது இன்னா பண்ணும்?"

அன்று சாயங்காலம் வேலியோரம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். பெரியப்பாவும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தம்பி முதலில் பாய்ச்சட்டும், அப்புறம் நான் பாய்ச்சுகிறேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரு அப்படியெல்லாம் நினைக்கிற ஆளா என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா கைகூடக் கழுவாமல் எழுந்து நடந்தார். அண்ணன் எங்கள் மடையை அடைத்துவிட்டார் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் அப்படி இருந்தது. அடிதடி ஆகிவிடுமோ என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் மடை அடைபடவில்லை. தண்ணீர் எங்கள் வாய்க்காலில்தான் வந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியப்பா எங்கள் வயலில் நின்று, மண்வெட்டியால் வரப்பு வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெடிப்புகளில் தண்ணீர் இறங்குகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அப்பா வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டார். பெரியப்பா நிமிரவில்லை.

"மொறை உன்னுதுதான். மோட்டாருதான் நான் போட்டேன்" என்றார்.

அப்பா மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மீட்டரு ஓடுதுண்ணா."

"ஓடட்டும். பயிரு காயறத பாத்துக்கினு என்னால குந்த முடியலடா."

அப்பா இறங்கிப் போய் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானம் எங்கள் வயல் நிறைந்ததும் அப்பா மடையை மாற்றிவிட்டு, அண்ணன் வயலிலும் இறங்கித் தண்ணீர் கட்டினார்.

பில் வந்தபோது அப்பா தன் பங்கை எடுத்துக்கொண்டு போனார். பெரியப்பா வாங்கவில்லை. ஊரெல்லாம் கட்டச் சொன்னவன் நான், நானே கட்டுகிறேன் என்று முடித்துவிட்டாராம். பில் கட்ட நகை எதுவும் அடகுக்குப் போகவில்லை, பெரியம்மா காது மூக்கில் இருந்தது அப்படியே இருக்கிறது என்று அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சமாதானமானார்.

நெல் அறுத்துக் களத்துக்கு வந்த சமயத்தில் அரசாங்கம் பின்வாங்கியது. ஒரு தேர்தல் தோல்வி, உடனே மீட்டர் வேண்டாம், கரண்டு மறுபடி இலவசம். அன்று நான் கல்லூரியிலிருந்து வர, அப்பா தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிளில் வந்திருந்தார். டீக்கடையில் அவர் கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அப்பா கையிலும் லட்டை வைத்துவிட்டு, உங்கண்ணன் மூஞ்சியை இனி எங்கே கொண்டுபோய் வைப்பார், வாசலில் போய் ஒரு சரம் கொளுத்தலாமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. லட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"எங்கண்ணன் கட்டணும்னு சொன்னாரு, கட்டினாரு. என் பயிருக்கும் சேத்து கட்டினாரு. எவனாவது வெடி எடுத்துக்கினு அந்தத் தெருவுக்கு வந்தா, வாசல்ல நான்தான் நிப்பேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சிரிப்பு நின்றுபோனது. அப்பா டீக்காசைக் கொடுத்துவிட்டு, மசால்வடை கட்டச் சொன்னார். ஒரே பொட்டலமாகக் கட்டவா என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டா கட்டுங்க. ஒண்ணு அண்ணன் வூட்டுக்கு."