மெத்தை போட்ட கேமரா

அந்தக் கடைத்தெருவில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவனை எல்லாரும் மெத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிக்கே தெரியாது. ஆனால் கையில் துண்டுத் துணி கிடைத்துவிட்டால் போதும், கண்ணில் படுகிற பொருளுக்கெல்லாம் சட்டை மாட்டிவிடுவான். டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, குடைக்கு ஏற்கெனவே இருந்த உறைக்கு மேல் இன்னோர் உறை.

"நான் கொஞ்ச நேரம் அசையாம தூங்கினா எனக்கும் அளவெடுத்துடுவான்" என்பாள் அவன் அக்கா. ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் விலகியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணாலேயே தம்பியையும் பார்ப்பாள். அவனிடம் குறை கண்டால் அவனிடமே சொல்வாள். நிறை கண்டால் ஊருக்கெல்லாம் சொல்வாள்.

இருக்கைகளுக்கு உறை தைப்பதைக் கைப்பேசியில் வீடியோவாக எடுத்துக் கடைச் சுவரில் மாட்டிய டிவியில் ஓடவிடுவது மெத்தையின் வழக்கம். ஊசி இறங்குவது, நூல் இறுகுவது, கடைசியில் சுருக்கமே இல்லாமல் உறை படிந்து நிற்பது என்று எல்லாம் இருக்கும். ஸ்கூட்டர் சீட்டை மாற்ற வந்த பேருந்து நடத்துநர் ஒருவர், சீட்டை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேருந்துப் பணிமனைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் நாடகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். புதிய நாடகம் ஒன்று தயாராக இருந்தது. அதை ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும். நடுவர்கள் நேரில் வர மாட்டார்கள், வீடியோவைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். போன தடவை யாரோ எடுத்த வீடியோவில் நடிகர்களின் முகமெல்லாம் எரிகிற பல்பு மாதிரியும், குரலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரியும் இருந்ததாம். இந்தத் தடவை அரங்கம் ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது. விட்டால் போச்சு.

"நீ எடுத்துக் குடு தம்பி" என்றார்.

மெத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கேமராமேன் என்று தன்னை ஒருவர் கூப்பிட வேண்டும் என்பது அவன் யாரிடமும் சொல்லாத ஆசை. அக்காவுக்கு மட்டும் அது சொல்லாமலே தெரியும்.

ஒத்திகைக்குப் போய்க் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தான். மேடை வெளிச்சத்தில் முகங்கள் வெளுத்தன. இருட்டுக் காட்சியில் படம் புள்ளிபுள்ளியாகப் போனது. கிட்டத்தில் இழுத்தால் ஆள் யார், தூண் எது என்று தெரியவில்லை. லென்ஸ் மாற்றக்கூடிய நல்ல கேமரா இல்லாமல் இது ஆகாது என்று தெரிந்தது.

அக்காவும் அவனும் ஒரு பெரிய கேமரா கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் மூச்சுவிடாமல் பேசினார். அவர் காட்டியதெல்லாம் யானை விலை. வெளியே வந்ததும் மெத்தை பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்து மூடினான். அக்காதான் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாள்: "எங்க போட்டுக்கிறதுக்குடா சட்டை? கல்யாணத்துக்கா, வயலுக்கா? அதைச் சொல்லு முதல்ல. அப்புறம் துணி பார்க்கலாம்."

அவன் யோசித்துச் சொன்னான். வெளிச்சம் குறைந்த இடம். ஓரளவு தூரம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். நடுவில் நிற்காமல் ஓட வேண்டும். அப்படியென்றால் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் மிகப் பெரியதாக இருக்கத் தேவையில்லை, அதற்கு அடுத்த சின்ன அளவே போதும். தனி மைக் செருக ஒரு துளை கட்டாயம். புதிதாக வந்த மாடலாக இருக்க வேண்டியதில்லை. மிச்சம் பிடிக்கும் காசை, வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வருகிற லென்ஸில் போடலாம்.

"கேமரா பாடி வருஷா வருஷம் பழசாகும்க்கா. லென்ஸ் அப்படியே இருக்கும்."

"மனுஷனுக்கும் அதேதான். கண்ணு நல்லாருந்தா போதும்" என்றாள் அக்கா.

பழைய கேமரா விற்கும் கடை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே அக்கா தன் தொழிலைக் காட்டினாள். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி மூடியைத் திறந்து துரு தேடினாள். வெள்ளைச் சுவரைப் படமெடுக்கச் சொல்லிப் புள்ளி தேடினாள். லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பூஞ்சை தேடினாள். கடைக்காரர் பொறுமையிழந்து, "பொண்ணு பார்க்க வந்தவங்க கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா" என்றார்.

"பொண்ணு பேசிடும். இது பேசாதே" என்றாள் அவள்.

கடைசியில் லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு மிரர்லெஸ் கேமரா அகப்பட்டது. சில வருடம் பழையது. உள்ளே எல்லாம் சுத்தம். வெளியே கைப்பிடி ரப்பர் தோல் உரிந்து அசிங்கமாக இருந்ததால் யாரும் தொடவில்லை, விலையும் இறங்கியிருந்தது. மெத்தைக்குச் சிரிப்பு வந்தது. தோல் உரிந்தது அவனுக்கு ஒரு குறையா? கூடவே ஃபிலிம் காலத்து ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று, அதை இதில் மாட்ட ஒரு வளையம். ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். தையல் மெஷின் சக்கரத்தைத் திருப்பிப் பழகிய கைக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கைப்பிடிக்கு மட்டும் புதுத்தோல் ஒட்டினான். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவன் மெத்தை இல்லையே. அடியில் அடிபடாமலிருக்க மெல்லிய ஃபோம் வைத்தான். அடிக்கு வைத்ததும் பக்கவாட்டு பாவமாகத் தெரிந்தது. முடிவில் லென்ஸும் திரையும் பொத்தான்களும் மட்டும் வெளியே தெரிய, இரட்டைத் தையல் போட்ட கறுப்பு ரெக்ஸின் சட்டைக்குள் கேமரா கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தையல் பிசகவில்லை. மறுநாளே தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு அந்தச் சட்டையின் படம் போய்ச் சேர்ந்தது.

நாடக நாளன்று அக்காவும் கூட வந்திருந்தாள். நடத்துநர் வந்து மெத்தையின் தோளில் தட்டினார். "ஏதாவது கோளாறுன்னா கையைத் தூக்கு. காலமெல்லாம் கையைப் பார்த்தே வண்டி நிறுத்தினவன் நான்."

நாடகம் ஒரு பேருந்துப் பயணம். மேடையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டதுதான் பேருந்து. நடத்துநராக நடத்துநரே நடித்தார். ஓட்டுநராக நிஜ ஓட்டுநர். கேமராத் திரையில் முகங்கள் பளிச்சென்று வந்தன; கண்ணோரச் சுருக்கம்கூடத் தெரிந்தது. மெத்தை மிக உயர்ந்த தரமான ஃபோர் கேயில் வைத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஃபோகஸைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலையெல்லாம் மூடியிருந்ததால் அரங்கம் புழுங்கியது. பேருந்து பாதி வழி போயிருக்கும். திரையில் சின்னதாக ஒரு வெப்பமானிப் படம் மின்னியது. அது என்னவென்று அவன் குனிவதற்குள் திரை இருண்டுவிட்டது. கேமராவைத் தொட்டான். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

மெத்தை கையைத் தூக்கினான்.

மேடையில் நடத்துநர் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தார். கையைப் பார்த்ததும் வாய் தானாக நின்றது, விசில் தானாக வாய்க்குப் போனது. விசில் சத்தம் கேட்டதும் ஓட்டுநரின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. பயணிகள் எல்லாரும் ஒருசேர முன்னால் சாய்ந்தார்கள். அரங்கம் சிரித்தது.

"வண்டி சூடாயிடுச்சு. எல்லாரும் இறங்கி நில்லுங்க" என்றார் நடத்துநர்.

ஓட்டுநர் விழித்தார். "நல்லாத்தானேப்பா ஓடுது?"

"நீ முன்னாடி பார்த்து ஓட்டற. எனக்குப் பின்னாடியும் தெரியும். இறங்கு."

இல்லாத இன்ஜின் மூடியைத் திறந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் விசிறினார். ஓர் அம்மாள், போன மாதமும் இதே வண்டிதான் இப்படிச் செய்தது என்று புலம்பத் தொடங்கினார். அவருக்கு அந்த நாடகத்தில் வசனமே கிடையாது.

இங்கே மெத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. கேமராவுக்கு மூச்சுமுட்டியிருக்கிறது. இடுப்புப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தான். இரட்டைத் தையலின் மேல் ஒரு கணம் கை தயங்கியது. "வெட்டுடா" என்றாள் அக்கா. வெட்டினான். பக்கம், அடி, முதுகு எல்லாம் போயின. ஃபோம் கீழே விழுந்தது. அக்கா தன் கைப்பையால் விசிறோ விசிறென்று விசிறினாள். மேடையிலும் விசிறல், கீழேயும் விசிறல். அவன் கேமராத் திரையை அதன் உடம்பிலிருந்து விலக்கித் திருப்பி வைத்தான். கொஞ்சம் ஆறியதும் கேமரா கண்விழித்தது. ஃபோர் கேயை விட்டு ஒரு படி இறக்கி வைத்தான். சூடு குறையும், முகம் மாறாது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி கையைத் தூக்கினான்.

விசில் வந்தது. பயணிகள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். நடத்துநர் பாதியில் விட்ட வசனத்தை முதலிலிருந்து தொடங்கினார். வண்டி கிளம்பி, கடைசி நிறுத்தம் வரைக்கும் நிற்காமல் போனது.

திரை விழுந்த பிறகு அக்கா தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "தையல்ல ஒரு குத்தமும் இல்லடா. மூச்சுவிடத்தான் வழி வைக்கல."

வீடியோவில் அந்த இடத்தில், பேருந்து போய்க்கொண்டே இருக்கும்; அடுத்த நொடி எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து ஏறுவார்கள். கதையில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

சில வாரம் கழித்து நடத்துநர் கடைக்கு வந்தார். நாடகம் தேர்வாகியிருந்தது, நேரில் வந்து நடித்துக்காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். தைக்க வந்திருந்த இன்னொருவரிடம், "எங்க கேமராமேன்" என்று மெத்தையைக் காட்டினார். மெத்தை சட்டென்று குனிந்து ஊசியில் நூல் கோத்தான். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

போகும்போது நடத்துநர் வாசலில் நின்று திரும்பினார். "நீயும் வரணும். அங்கேயும் நடுவுல ஒருதரம் கையைத் தூக்கு தம்பி. வண்டி நிக்கிற இடம்தான் எங்க ஆளுங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."