காறல் மல்லாட்டை

நான் தாண்டவராயன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் தொண்ணூற்று மூன்றிலிருந்து மல்லாட்டைத் தரகு, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பருப்பைக் கடித்தால் புதுசா பழசா, வெயிலில் காய்ந்தது போதுமா என்று சொல்லிவிடுவேன். அந்த நாக்கின் மேல் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. என் கல்யாணப் பந்தியிலேயே சாம்பாருக்குக் குறை சொன்னவன் நான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் கன்னத்தில் புற்று வந்தது. வருஷக்கணக்காகப் புகையிலையை அடக்கி வைத்த கன்னம், வேறெங்கே வரும்? அறுத்தார்கள், கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். உயிர் தப்பியது, ருசி போய்விட்டது. தேனும் சீயக்காயும் எனக்கு ஒன்றுதான். கடித்துச் சொல்ல முடியாத தரகனை யார் கூப்பிடுவார்கள்? ருசி திரும்ப வருமா என்று டாக்டரைக் கேட்டால், "பார்க்கலாம்" என்பார். மனைவி பவுனுவிடம் எரிந்து விழுவதே என் உத்தியோகமாயிற்று.

அவள்தான் விழுப்புரத்தில் புற்றுநோயாளிகளுக்கு நடக்கும் மனப்பயிற்சி வகுப்புக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே அஸ்வினி மேடம் ஆளுக்கொரு வறுத்த மல்லாட்டை கொடுத்தார்.

"மெதுவா மெல்லுங்க. நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாம சும்மா கவனிங்க."

யாரிடம் சொல்கிறார்! ஓட்டைப் பார்த்ததுமே, "இது போன வருஷத்து சரக்குங்க மேடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மென்றால் மரத்தூள். வாராவாரம் இதே கூத்து. வாராவாரம் நான் தீர்ப்பு சொல்வதும் நிற்கவில்லை. தியானத்துக்கு என்னைவிட மோசமான ஆள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

ஒரு நாள் வாயில் போட்டவர்களெல்லாம் வரிசையாக முகம் சுளித்துத் துப்பினார்கள். பவுனு தன் பங்கை உரித்து மோந்து பார்த்தாள்.

"தூ, காறல் அடிக்குது. ஜல்தியா துப்புங்க!"

நான் துப்பவில்லை. அடிநாக்கில் ஏதோ சுருக்கென்றது. விட்டுவிட்டு வந்தது. அப்புறம் கசப்பு, நன்றாகவே கசப்பு. எத்தனை விவசாயிகளின் மூட்டையை எண்ணெய் கெட்ட இந்தக் காறலுக்காகத் திட்டித் தள்ளியிருக்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். விலை சொல்லத் தோன்றவில்லை. விழுங்க மனசு வரவில்லை. எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்தது.

"இன்னாத்துக்கு அதப் போயி மென்னுக்கினு கீறீங்க?"

"கசக்குது பவுனு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த பருப்பை என் வாயில் போட்டாள்.

"இந்தாங்க, இதையும் தின்னுங்க."